மிடி முறையின் 16 சனல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இக்காலத்து இசையமைப்பாளர் ஒருவரின் பணியறையிலே வயலினையோ குழலையோ முரசையோ காண்டல் அரிது. ஒரு கணினியும், அதனோடு இணைந்த விசைப்பலகை ஒன்றும், ஒலிபெருக்கிகள் இரண்டுமே ஆங்குளவாம். எனினும் அவர் ஆக்கும் இசையில் அக்கருவிகள் யாவும் ஒலிக்கின்றன. அவை கணினியினுள் மென்பொருட் கருவிகளாய் அமைந்துள்ளன. ஒரே விசைப்பலகையிலிருந்து புறப்படுங் கட்டளைகளுள் எது வயலினுக்குரியது, எது குழலுக்குரியது என்பதைப் பிரித்தறிவிப்பது ஒவ்வொரு கட்டளையோடுஞ் செல்லும் ஒரு சிறிய எண்ணாகும். 1 முதல் 16 வரையுள்ள அவ்வெண்ணைச் சனல் எண் என்பர். கணினியின் ஆற்றல் பன்னூறு மடங்கு பெருகிய பின்னரும் அவ்வெண் பதினாறின் எல்லையைக் கடவாது நின்றது ஏன்? வடங்களால் இணைக்கப்பட்ட சில கருவிகளின் பொருட்டு 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஓர் ஏற்பாடு, வடங்களும் கருவிகளும் கண்ணுக்கு மறைந்த பின்னரும் நிலைபெற்றது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர் அவ்வேற்பாட்டின் வரலாற்றை முதலிலிருந்து நோக்குதல் வேண்டும்.

மின்னால் இசையெழுப்புஞ் சிந்தசைசர் என்னுங் கருவி 1960களில் அமெரிக்காவிலே தக்க உருவம் பெற்றது. றொபேட் மோக் என்பார் 1964ஆம் ஆண்டில் அமைத்த கருவியிற் சுரத்தின் உயரம் மின்னழுத்தத்தால் ஆளப்பட்டது. அழுத்தம் ஒரு வோல்ற்று மிகுந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். ஒரு கருவியின் அழுத்தத்தை வடத்தின் மூலம் மற்றொரு கருவிக்குச் செலுத்தினால் இரண்டும் ஒருங்கே இசைக்கும். எளிய முறையே, ஆயினும் ஒரு வடம் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே சுமக்கவல்லது. அச்சுரம் எப்பொழுது தொடங்கி எப்பொழுது ஓய்கின்றது என்பதைத் தெரிவித்தற்கு இன்னுமொரு வடம் வேண்டும். யப்பானிய நிறுவனங்களாகிய யமாகாவும் கோர்க்கும் தம் கருவிகள் பலவற்றில் வேறோர் அளவுமுறையைக் கையாண்டமையால், அவற்றை அமெரிக்கக் கருவிகளோடு நேரே இணைத்தலும் இயலாதாயிற்று.

1970களின் பிற்பகுதியில் நுண்செயலி இக்கருவிகளுட் புகுந்தது. டேவ் சிமித்தின் சீக்குவென்சியல் சேர்க்கிற்ஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட புரொபெற்-5 என்னுங் கருவி, வாசிப்போன் அமைத்த நாதங்களை நினைவில் வைத்து வேண்டியபோது மீளத் தந்தது. கருவியினுள்ளே எண்கள் வழங்கத் தொடங்கிய பின்னர், ஒரு கருவி மற்றொன்றோடு எண்களாலே பேசலாம் என்ற எண்ணம் எழுதல் இயல்பு. அவ்வாறே பல நிறுவனங்கள் செய்தன. ஆனால் ஒவ்வொன்றுந் தனக்கெனத் தனிமொழி ஒன்றை வகுத்துக்கொண்டது. யப்பானின் றோலண்டுக்கு ஒன்று, அமெரிக்காவின் ஒபர்ஹைமுக்கு ஒன்று, சீக்குவென்சியலுக்கு ஒன்று என அவை பிரிந்து நின்றன. ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கியவன் அடுத்த கருவியையும் அந்நிறுவனத்திடமே வாங்கவேண்டிய நிலை உண்டாயிற்று. இது விற்பவனுக்கு ஆதாயமாகத் தோன்றினும் உண்மையில் வணிகம் முழுவதையுங் குறுக்குவதொன்றாகும் என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் றோலண்டின் நிறுவுநராகிய இகுத்தாரோ ககேகாசி.

ககேகாசி 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இதுபற்றி முதலில் ரொம் ஒபர்ஹைமிடமும் பின்னர் டேவ் சிமித்திடமும் எடுத்துரைத்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க்கிலே கூடிய ஒலிப்பொறியியற் சங்க மாநாட்டிற் சிமித்தும் அவருடைய உடனுழைப்பாளராகிய செற் வூட்டும் அனைத்துக் கருவிகட்கும் பொதுவான இணைப்புமுறை ஒன்றை முன்மொழிந்தனர். 1982 ஜனவரியிற் கலிபோர்ணியாவில் நடைபெற்ற இசைக்கருவி வணிகர் கண்காட்சியில் உற்பத்தியாளர் பலர் கூடி அதனை ஆராய்ந்தனர். கூடியோர் பலராயினும் உடன்பட்டு உழைத்தோர் சிலரே. அமெரிக்கத் தரப்பில் இறுதிவரை நின்றது சீக்குவென்சியல். யப்பானியத் தரப்பில் றோலண்ட், யமாகா, கோர்க், கவாய் என்னும் நான்கு நிறுவனங்கள். கடலுக்கு இருபுறமும் வரைவுகள் சென்று மீண்டன. 1983 ஜனவரிக் கண்காட்சியிற் சீக்குவென்சியலின் புரொபெற்-600 உம் றோலண்டின் யூப்பிற்றர்-6 உம் ஒரே வடத்தால் இணைக்கப்பட்டன. ஒன்றில் விசையை அழுத்த மற்றையது ஒலித்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் விதிகள் முழுவடிவில் வெளியாயின. இதுவே மிடி முறை எனப்படுவது. இசைக்கருவிகளின் எண்முறை இடைமுகம் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாலாய பெயர் அது.

இவ்விதிகளை மேற்கொள்வோரிடம் உரிமைக்கட்டணம் எதுவும் பெறப்படவில்லை என்பது சிறப்பாகக் குறிப்பிடற்பாலது. ஒன்றையொன்று வீழ்த்த முயன்ற வணிக நிறுவனங்கள் ஒரு மொழியைப் பொதுவுடைமையாக்கிய செயல் தொழில் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. அதனால் அவை அனைத்தும் வாழ்ந்தன என்றுங் கூறற்கில்லை. இம்முயற்சியில் முன்னின்ற சீக்குவென்சியல் 1987இல் நொடித்து யமாகாவின் கைப்பட்டது. நிறுவனம் மறைந்தது; அது வகுத்த விதி நிலைத்தது.

இனி, அவ்விதியின் உள்ளமைப்பை நோக்குதல் தகும். மிடி வடத்தில் ஒலி செல்வதில்லை. செல்வன கட்டளைகளே. “இந்த விசை இத்துணை விசையோடு அழுத்தப்பட்டது”, “இந்த விசை விடப்பட்டது” என்பன போன்ற செய்திகள் எண்களாய்ச் செல்லும். அவற்றைப் பெறுங் கருவி தன்னிடமுள்ள நாதத்தால் அதனை ஒலியாக்கும். தமிழில் மிடி என்பது வறுமையைக் குறிக்குஞ் சொல். இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலானதெனினும் தவறானதன்று; இம்முறை சுமக்குஞ் செய்தி மிக வறியது. ஒரு விசையை அழுத்தும் செய்திக்கு மூன்று பைற்றுகளே போதும். அவ்வறுமையே அதன் ஆயுளை நீட்டியது. ஒலியைச் சுமவாமையால், ஒலியை ஆக்குவது மின்சுற்றாயினும், பின்னாளிற் கணினி மென்பொருளாயினும், கட்டளையின் வடிவம் மாறவேண்டிய தேவை எழவில்லை.

மூன்று பைற்றுகளுள் முதலாவதிலேயே பதினாறின் மறை உள்ளது. ஒரு பைற்று எட்டுப் பிற்றுகளாலானது. முதற்பிற்று, இது கட்டளைப் பைற்று என்பதை அறிவிக்கும். அடுத்த மூன்று பிற்றுகள் கட்டளையின் வகையைச் சொல்லும். எஞ்சிய நான்கு பிற்றுகள் சனல் எண்ணுக்குரியன. நான்கு பிற்றுகளால் எழுதத்தக்க எண்கள் 16. ஆதலாற் சனல்களும் 16 ஆயின. வகைக்கு ஒரு பிற்று மிகுதியாக ஒதுக்கியிருந்தாற் சனல்கள் எட்டாய்க் குறைந்திருக்கும். இசையின் இயல்பு பற்றியெழுந்த எல்லையன்று இது. பைற்றின் சிக்கனம் பற்றியெழுந்தது. பின்வரும் இரண்டு பைற்றுகளிலும் முதற்பிற்று நீங்க ஏழு பிற்றுகளே எஞ்சுதலால், சுரத்தின் எண்ணும் அழுத்தத்தின் வலிமையும் 0 முதல் 127 வரையாயின.

சனல் எண் தொழிற்படும் முறை மிக எளிது. ஒரு கருவியின் பின்புறத்தில் உள்வாயில், புறவாயில், கடவுவாயில் என மூன்று துளைகள் உண்டு. உள்வாயிலிற் புகுஞ் செய்தி மாறாமற் கடவுவாயிலால் அடுத்த கருவிக்குச் செல்லும். இங்ஙனம் ஒரு சங்கிலியாய்ப் பல கருவிகளை இணைக்கலாம். எல்லாச் செய்திகளும் எல்லாக் கருவிகளையும் அடைகின்றன. ஆயின் ஒவ்வொரு கருவியுந் தனக்கு விதிக்கப்பட்ட சனல் எண்ணையுடைய செய்திக்கே செவிசாய்க்கின்றது. தபாற்காரன் ஒரே கட்டுக் கடிதங்களை வீடுதோறும் நீட்ட, ஒவ்வொரு வீட்டாருந் தம் பெயருக்குரியதை மட்டும் படித்துக் கட்டை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதை ஒக்கும் இது. எல்லாச் சனலையும் ஏற்கும் நிலையொன்றும் விதியில் உண்டு. அதனை நீக்க மறந்தால், குழலுக்குரிய கட்டளையை முரசும் ஏற்றுக் குழப்பம் விளைக்கும்.

செய்திகள் விநாடிக்கு 31,250 பிற்றுகள் என்னும் வேகத்திற் செல்கின்றன. தொடக்க முடிவுப் பிற்றுகளையுஞ் சேர்த்து ஒரு பைற்றுக்குப் பத்துப் பிற்றுகளாதலின், ஒரு விசைக்குரிய மூன்று பைற்றுகள் சென்றடைய ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி ஆகும். ஒருவர் ஒருங்கே அழுத்தும் பத்துச் சுரங்கள் உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பத்து மில்லிவிநாடியளவிற் செல்கின்றன. செவி இதனைப் பெரும்பாலும் உணராது. ஆனால் 16 சனல்களிலும் செய்தி நிறைந்து வழியும்போது தாமதம் புலப்படும்.

சனல் என்பது தொடக்கத்தில் ஒரு பொறியின் முகவரியாகவே கருதப்பட்டது: கருவி ஒன்று, எண் ஒன்று. 1983இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற யமாகாவின் டீஎக்ஸ்-7, செய்தியை அனுப்பும்போது முதலாஞ் சனலில் மட்டுமே அனுப்பிற்று. ஒருவரிடம் இரண்டு மூன்று கருவிகளே இருந்த காலத்தில் அதுவே போதுமாயிருந்தது போலும். ஆயின் அடுத்த ஆண்டிலேயே இக்கருத்து நெகிழத் தொடங்கியது. சீக்குவென்சியலின் சிக்ஸ்-றாக், கசியோவின் சீசெற்-101 ஆகியன 1984இல் வந்தன. ஒரே பெட்டியினுள் வெவ்வேறு நாதங்களை வெவ்வேறு சனல்களிற் பெற்று ஒருங்கே ஒலிக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. றோலண்டின் எம்ரீ-32 என்னுஞ் சிறு பெட்டி 1987இல் இவ்வாற்றலை வீட்டுக் கணினியுடையோர்க்கும் எட்டச்செய்தது. இப்பொழுது சனல் என்பது பொறியைக் குறிக்கவில்லை. பொறியினுள் இருக்கும் ஒரு வாத்தியத்தைக் குறித்தது. 1991இல் வகுக்கப்பட்ட பொதுமிடி விதிகள் 128 நாதங்களுக்கு நிலையான எண்களை இட்டு, பத்தாஞ் சனலைத் தாளக் கருவிகளுக்கென ஒதுக்கின. அன்று தொட்டுப் பத்தாஞ் சனல் என்றால் தாளம் என்பது இத்துறையில் வழக்காயிற்று.

இதற்கிடையிற் கணினி இச்சங்கிலியின் தலைமையிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜேர்மனியிற் காள் ஸ்ரைன்பேர்க்கும் மன்பிரட் றியூறுப்பும் 1984இல் கொமடோர்-64 கணினிக்கென 16 தடங்களையுடைய பதிவு மென்பொருளை இயற்றினர். மிடி வாயில்களை உடன்கொண்டே 1985இல் வெளிவந்த அற்றாரி எஸ்ரீ கணினி இசைஞரிடையே பரவிற்று. அதற்கெனவே 1989இற் கியூபேஸ் மென்பொருள் எழுந்தது. தடம் ஒவ்வொன்றுக்கும் வாயில் ஒன்றும் சனல் ஒன்றும் குறித்துவிட்டாற் போதும். கணினி ஒரு நட்டுவனாரைப் போலக் கருவிகள் யாவற்றையும் நடத்தும். பதினாறு போதாதார்க்கு எட்டு வாயில்களையுடைய இணைப்புப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு வாயிலுக்கும் 16 ஆக 128 சனல்கள் கிடைத்தன. எல்லை உடைபடவில்லை, அடுக்கப்பட்டது.

1990களின் பிற்பகுதியில் நிகழ்ந்த மாற்றமே இன்றைய நிலைக்கு நேரடிக் காரணமாகும். நாதத்தை ஆக்குந் தொழிலையும் கணினியே ஏற்கத் தொடங்கியது. மிடியை வகுத்தோருள் ஒருவராகிய டேவ் சிமித் தாமே தலைவராயிருந்த சீயர் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1997இல் றியாலிற்றி என்னும் மென்பொருட் கருவியை வெளியிட்டது. வடத்தை வகுத்தவரே வடம் வேண்டாத கருவியையும் முன்னணியில் நின்று ஆக்கினார் என்பதும், பின்னர் 2002இல் மீண்டும் மரமும் உலோகமுமாகிய கருவிகளைச் செய்யப் புகுந்தார் என்பதும் சிந்திக்கத்தக்கன. ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1996இல் வீஎஸ்ரீ என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. 1999இல் அதன் இரண்டாம் பதிப்பு மிடிச் செய்தியை ஏற்கும் வகையில் விரிந்தது. அது முதல் மென்பொருட் கருவிகள் பதிவு மென்பொருளினுள்ளேயே குடிகொண்டன.

வடம் மறைந்தபின் சனல் எண் தேவைதானா என்னும் வினா எழுகின்றது. ஒரு தடத்துக்கு ஒரு மென்பொருட் கருவி என இணைத்தால், செய்தி வேறெங்குஞ் செல்ல வழியில்லை. எண் ஒரு வெறுஞ் சடங்காகும். இன்று பெரும்பாலோர் கொள்ளும் முறை இதுவே; தொடக்கநிலையினர்க்கு ஏற்றதும் இதுவே. ஆனால் முழு வாத்தியக் குழுவை அமைப்போர் நிலை வேறு. நேற்றிவ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட கொன்ராக்ற் போன்ற மென்பொருள், பதிவுசெய்யப்பட்ட உண்மைக் கருவிகளின் ஒலிகளை ஒரே சட்டகத்தினுள் அடுக்கிவைக்கின்றது. நான்கு வாயில்கள், வாயிலுக்கு 16 சனல்கள், ஆக 64 கருவிகள் அதில் இடம்பெறலாம். வயலின் முதலாஞ் சனல், செலோ இரண்டாஞ் சனல், குழல் மூன்றாஞ் சனல் என அதனுள் எண்ணிட்டு, வெளியே மூன்று தடங்களை ஆக்கி, மூன்றையும் அவ்வொரு மென்பொருளுக்கே செலுத்தி, தடந்தோறும் உரிய சனலைக் குறித்தல் வேண்டும். நினைவகம் சிறிதாயிருந்த காலத்தில் இது சிக்கனத்துக்குரிய முறையாயிருந்தது. இன்று வேறொரு பயனுக்கும் உதவுகின்றது. ஒரே வயலினை வில்லால் நீட்டி வாசித்தல், விரலால் தெறித்தல், நடுக்கி வாசித்தல் ஆகியவற்றை வேறுவேறு சனல்களில் வைத்து வேண்டியபோது வேண்டியதை அழைக்கின்றனர்.

இவ்விடத்திலேயே கற்போர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். மூன்று தடங்களிலிருந்து கட்டளை தனித்தனியே சென்றாலும், ஒலி ஒரே வாயிலாற் கலந்து வெளிவருகின்றது. குழலின் ஒலியை மட்டும் உயர்த்த முயல்வோர் சனல் எண்ணை மாற்றிப் பார்த்துச் சலிப்புறுவர். கட்டளை செல்லும் வழி வேறு, ஒலி மீளும் வழி வேறு. சட்டகத்தினுள் ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலிவாயிலை ஒதுக்கி, அவ்வாயில்களைப் பதிவு மென்பொருளிலுந் திறந்துவைத்தாலன்றி அவை பிரியா. 1980களின் பணியறையில் இம்மயக்கத்துக்கு இடமிருக்கவில்லை. மிடி வடம் ஒருபுறஞ் செல்ல, ஒலிவடம் மறுபுறமாகக் கலவைப் பலகைக்குச் செல்வதைக் கண் கண்டது. கண்ணுக்குப் புலனாகிய வேற்றுமை மென்பொருளில் மறைந்தமையே இன்றைய மயக்கத்துக்கு மூலமாதலின், பழைய வடங்களின் படத்தை முதலில் வரைந்து காட்டிப் பின் மென்பொருளைக் கற்பித்தல் நன்முறையாகும்.

எஞ்சியிருப்பது சுரத்தை வளைக்குங் கட்டளை பற்றிய செய்தி. மிடியின் சுரங்கள் பியானோவின் கட்டைகளைப் போலப் படிப்படியானவை. படிகளுக்கு இடையிலுள்ள ஒலியை எட்டுதற்கு வளைவுக் கட்டளை ஒன்று உண்டு. 16,384 நுண்ணிய அளவுகளையுடையது அது. ஆயின் அது சனல் முழுமைக்கும் உரியது. தனிச் சுரத்துக்கு உரியதன்று. கருநாடக இசையை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு எளிதில் விளங்கும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று, அசைந்து நிற்பது. பாட்டும் சுருதியும் ஒரே சனலில் இருக்குமாயின், காந்தாரத்தை அசைக்குந்தோறும் சட்ச பஞ்சமங்களும் உடன் அசையும். நாதஸ்வரத்தோடு ஒத்தும் ஆடுவதை எந்தச் செவி பொறுக்கும்? ஆகவே சுருதிக்கு ஒரு சனல், பாட்டுக்கு ஒரு சனல் எனப் பிரித்தே தீரவேண்டும். மேலைநாட்டிற் கித்தார் வாசிப்போர்க்கும் இவ்விடர் நேர்ந்தது. ஆறு நரம்புகளையும் தனித்தனியே வளைக்கவேண்டி, நரம்புக்கொரு சனலாக ஆறு சனல்களை அவர்கள் கையாண்டனர். 1983ஆம் ஆண்டு விதியிலேயே சனலுக்கு ஒரு சுரம் என்னும் நிலை இடம்பெற்றிருந்தமை அதற்கு உதவிற்று.

கட்டைகளற்ற, விரல் வழுக்கிச் செல்லத்தக்க புதிய கருவிகள் இவ்வழியை மேலும் விரித்தன. லிப்போல்ட் ஏக்கனின் கொன்ரினியம் என்னுங் கருவி அவற்றுள் ஒன்று, இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் வாசித்துப் புகழ்பெறச் செய்தமையால் அது தமிழ்நாட்டிலும் அறியப்பட்டது. இத்தகைய கருவிகளுக்கென 2018இல் ஒரு பொதுவிதி ஏற்கப்பட்டது. ஒரு சனல் தலைமையாய் நிற்க, எஞ்சிய பதினைந்தும் அழுத்தப்படும் ஒவ்வொரு சுரத்துக்கும் மாறிமாறி அளிக்கப்படும். பதினைந்து சுரங்களும் தத்தம் விருப்பப்படி வளையலாம். பொறியின் முகவரியாய்ப் பிறந்து, வாத்தியத்தின் பெயராய் வளர்ந்த சனல், ஈண்டு ஒரு விரலின் தடமாய்ச் சுருங்கியது. விதியை வகுத்தோர் எண்ணியிராத பயன் இது.

2020 ஜனவரியில் மிடியின் இரண்டாம் பதிப்பு ஏற்கப்பெற்றது. சுரத்துக்குச் சுரம் வளைவு, முன்னிலும் நுண்ணிய அளவுகள், இரு கருவிகள் ஒன்றையொன்று வினவி அறியும் வசதி ஆகியன அதில் உள்ளன. ககேகாசி 2017இலேயே காலமாகிவிட்டார். சிமித் அதனைக் கண்டபின் 2022இல் மறைந்தார். முதற்பதிப்பை அப்புதுவிதி தள்ளிவிடவில்லை. பழைய கருவிகளின் செய்திகளையும் அது சுமந்து செல்கின்றது. சனல்களோ 256 ஆகப் பெருகியுள்ளன. ஆயினும் அவை 16 குழுக்களாக, குழுவுக்கு 16 வீதமாகவே வகுக்கப்பட்டுள்ளன. குழுவினுள் நிற்குஞ் சனலின் எண் 1983இற் போலவே இன்றும் நான்கு பிற்றுகளால் எழுதப்படுகின்றது.